கொக்கு நடை

ஜூலை 3, திங்கள்

அங்கன்வாடிப் பதிவேட்டில் வந்த குழந்தைகள், எடை, உயரம், கொடுத்த முட்டை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இன்றைக்கு எத்தனை பேர்மீது ஆத்திரம் வந்தது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அதனால் மகனுடைய போன வருடத்து நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் எழுதுகிறேன்.

மழைநீர் வடிகால் கட்டுகிறோம் என்று எங்கள் மையத்து வாசலுக்கு நேரே பள்ளம் தோண்டி இன்றோடு பத்தொன்பது நாள். என் இடுப்பளவு ஆழம். இரண்டு பக்கமும் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அடியில் தெருச் சாக்கடை வந்து தேங்குகிறது. தோண்டியவர்கள் போகும்போது ஒரு சென்ட்ரிங் பலகையைக் குறுக்கே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓரடி அகலம். பதினேழாவது வார்டின் பதினான்கு பிள்ளைகளும் அதன்மேல்தான் உள்ளே வர வேண்டும். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள்.

நகராட்சிக்கு இன்றும் போன் போட்டேன்.

"ரெண்டு நாள்ல மூடிருவாங்கம்மா."

"போன வாரமும் ரெண்டு நாள்னுதான சார் சொன்னிய?"

"அது போன வாரத்து ரெண்டு நாள்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

காலையில் எங்கள் உதவியாளர் உலகம்மாள் அக்கா அந்தப் பலகையில் நிற்பார். ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து, தான் பின்பக்கமாக நடந்து, முன்னால் கூட்டி வருவார். ஐம்பத்தொன்பது வயதில் அந்த நடை எனக்கே வராது. ஆனால் பதினான்கு பேரும் வந்து சேர ஒன்பதரை ஆகிவிடுகிறது. சத்துமாவு உருண்டை பிடிக்க நான்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

ஜூலை 4, செவ்வாய்

இந்த மாதத்துக்கு உடல் சமநிலை, நடை. எனக்குப் பிடித்த பாடம். பயிற்சி முகாமில் இதற்குத்தான் என்னை எழுப்பி, "தங்கபுஷ்பம் செஞ்சு காட்டுங்க" என்று சொல்வார்கள்.

தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. அதன்மேல் ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி நடக்க வேண்டும். வேறெதுவும் இல்லை. பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு. கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே உடம்பு தெரிந்துகொள்கிற வயது இதுதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டில் நடக்கிற பிள்ளைக்குத்தான் பிறகு பென்சில் பிடிக்கவும் பொத்தான் போடவும் கை வழங்கும்.

ரிஸ்வானா கோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்து நடந்து சுவரில் முட்டிக்கொண்டாள். அபினேஷ் ஓடினான். முத்தரசி மட்டும் கடைசிவரை போனாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, மூச்சையே விடாமல். போய்ச் சேர்ந்ததும் திரும்பி, "இன்னொருக்கா டீச்சர்" என்றாள். அவளுடைய அம்மா சண்முகக்கனி பீடி சுற்றுகிறவள். அப்பா கேரளத்தில் ஓட்டல் வேலை. நான்கு வயது இந்தச் சித்திரையில்தான் முடிந்தது.

ஜூலை 5, புதன்

கவுன்சிலர் போனை எடுக்கவில்லை. ஆறு முறை.

ஜூலை 6, வியாழன்

காண்டிராக்டர் விட்டுப்போன அரைச் செங்கற்களை முற்றத்தில் வரிசையாக அடுக்கி, அதன்மேல் நடக்க வைத்தேன். அவர்களால் ஆன உபயோகம் இது ஒன்றுதான். பிறகு வாத்து நடை, யானை நடை, கொக்கு நடை. கொக்கு நடைதான் கடினம். ஒரு முட்டியைத் தூக்கி, ஒற்றைக்காலில் மூன்று எண்ணும்வரை நின்று, பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். பதினான்கு பேரில் நான்கு பேர் நின்றார்கள்.

உலகம்மாள் அக்கா சமையலை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளின் கையைப் பிடிக்கப் போகிறார்.

"அக்கா, கையை விடுங்க. நீங்க பிடிச்சிக்கிட்டே இருந்தா அதுக எப்ப நிக்கும்?"

"விழுந்துட்டா டீச்சர்?"

"ஒரு செங்கல் உயரம். விழட்டும். விழுந்தாத்தான் அடுத்த தடவை விழாது."

"நீங்க படிச்சவிய. சொல்லுதிய. எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்கு."

முப்பது வருடமாக இதே வேலை. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார். இனி என்ன சொல்லித் திருத்த?

ஜூலை 7, வெள்ளி

மனு எழுதி நகராட்சியில் கொடுத்தேன். வாங்கியவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். என் கண் முன்னாலேயே.

ஜூலை 10, திங்கள்

மேற்பார்வையாளர் ரெஜினா மேடம் வந்தார். பலகைவரை வந்து, பார்த்து, அந்தப் பக்கமே நின்றுகொண்டு பேசினார். சேலை அழுக்காகிவிடும் என்று நினைத்திருப்பார்.

"தங்கபுஷ்பம், ஒம்பதாவது வார்டு வீடியோ பாத்தீங்களா குரூப்ல? பிள்ளைக எல்லாம் மரச்சட்டத்து மேல என்ன அழகா நடக்குது! கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு. உங்க சென்டர்ல இருந்து ஒண்ணுமே வரல."

"மேடம், இந்தக் குழி..."

"குழியை நகராட்சி பாத்துக்கிடும். நான் கேக்கது வீடியோ. நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள அனுப்புங்க. தரையில கோடு போட்டு நடக்கதெல்லாம் வேண்டாம், அது எல்லாரும் அனுப்புதாங்க. கொஞ்சம் நல்லா இருக்கணும்."

ஒன்பதாவது வார்டு டீச்சருக்கு ஒரு முட்டி எந்தப் பக்கம் மடங்கும் என்றுகூடத் தெரியாது. முகாமில் என்னைப் பார்த்து எழுதியவள். அவளுக்கு யாரோ ஒரு தச்சர் இலவசமாகச் சட்டம் செய்து கொடுத்திருக்கிறார். குரூப்பில் கைதட்டல் படமாக நாற்பத்தேழு. எண்ணினேன்.

எங்களிடம் இருக்கும் ஒரே பலகை வாசலில் கிடக்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

முத்தரசி பள்ளத்தில் விழுந்துவிட்டாள். இடது கை. இன்று எழுத மாட்டேன்.

ஜூலை 12, புதன்

முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து விலகியிருக்கிறது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். விரலை அசைக்கிறாள். அது நல்ல அடையாளம் என்று டாக்டர் சொன்னார்.

நடந்தது இதுதான். பத்து நாற்பதுக்குப் பலகைமேல் நின்றாள். அக்கா பிடித்திருந்தார். கை விட்டுப்போனது. விழுந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். பலகைக்கும் எனக்கும் ஐந்தடி இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். சண்முகக்கனி மடியில் பீடித்தூள் ஒட்டியபடியே ஓடி வந்தாள். ஆட்டோவில் முத்தரசி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சியை விட மாட்டேன். காண்டிராக்டரை விட மாட்டேன். இருபத்தேழு நாள் வாயைப் பிளந்து கிடந்த குழி. டீ டம்ளர் வைத்தானே, அவன் மேசையில் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் எக்ஸ்ரேயை விரித்து வைக்க வேண்டும். சிரித்தானே, அவன் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும். பலகையிலிருந்து கீழே விழுந்த சத்தம். சின்னச் சத்தம்தான். தேங்காய் மூடி விழுந்த மாதிரி.

அக்காவும்தான். முப்பது வருடம் பிடித்த கையை நேற்று ஏன் விட்டார்?

ஜூலை 13, வியாழன்

ரெஜினா மேடம் அறிக்கை எழுத வந்தார். இன்று பலகையைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"பத்து நாற்பது."

"பத்து நாப்பதுக்குப் பிள்ளை எதுக்கு வாசல்ல நிக்கணும்? கேப்பாங்கல்லா? ஒம்பது இருபதுன்னு போடுதேன். காலையில உள்ள கூட்டிட்டு வரும்போது உதவியாளர் கவனக்குறைவா கையை விட்டுட்டாங்க. சரிதான?"

எழுதிய தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் வீடியோ கேட்டது எதுவும் இதுல வராது. வந்தா உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. சாட்சின்னு போட்டிருக்க இடத்துல கையெழுத்துப் போடுங்க."

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கும். காலில் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

மேடத்தின் தைரியம்தான் எனக்கு ஆத்திரம். அப்படியே வாயில் வைத்து ஊட்டுகிற மாதிரி சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு மானம் கிடையாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது?

கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

ஜே.சி.பி. வந்தது. வாசலுக்கு முன்னால் மட்டும் பள்ளத்தை மூடி, மேலே சிமெண்டுப் பலகை போட்டு, மட்டம் பார்த்து, தண்ணீரும் தெளித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மணி நேர வேலை. மூன்று மணி நேரம்! ஒரு பிள்ளையின் எலும்பை வாங்கிக்கொண்டுதான் இந்த மூன்று மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

பேப்பரில் நான்கு வரி. "அங்கன்வாடி உதவியாளர் அலட்சியம்: குழந்தை காயம்." குழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அக்காவை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று நான் சமைத்தேன். தக்காளி சாதம் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடவில்லை. "உலகாச்சி எங்க?" என்று ஒவ்வொன்றாக வந்து கேட்டன. காய்ச்சல் என்றேன். எல்லோரிடமும் தனித்தனியாகக் காய்ச்சல் என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

மீன் குழம்பு. துணி துவைத்தேன். மகனுக்குத் தலைமுடி வெட்ட வேண்டும்.

சாப்பிடும்போது என் கணவர் செல்லத்துரை, "அந்த வீடியோவ அழிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"எந்த வீடியோ?"

"எங்கிட்டயே கேக்கியா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து போனை அலமாரியில வச்சுப் பூட்டுனியே. அழிச்சிரு புஷ்பம். அந்தம்மா ஓய்வு பெறப் போற ஆளு. ஒனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருசம் இருக்கு."

"அவங்க ஓய்வு பெறப் போறதுனால?"

"கத்தாத. பிள்ளை கேக்கும்."

கத்தினேன். குழம்புச் சட்டியை நகர்த்தியதில் பாதி சிந்தியது. அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? நான் நினைத்ததைத்தான் சொன்னார். அதனால்தான் கத்தினேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

அழிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. முப்பத்தெட்டு நொடி என்று மட்டும் தெரியும்.

ஜூலை 17, திங்கள்

பிள்ளைகள் முற்றத்தில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடின. நான் எடை எழுதிக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா டீச்சர். அபினேஷ் உலகாச்சி. இன்னொரு பிள்ளை செங்கல்மேல் நின்றது. ரிஸ்வானா கையில் சோப்பு டப்பா. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்கக்கா, படத்துல விழுதீங்க. கையை விடுங்க. நீ கொக்கு மாதிரி நில்லு. சிரி, சிரி."

என்னுடைய குரல். என்னுடைய இழுப்பு. "சிரி, சிரி" என்று நான் சொல்வேன் என்பதே எனக்குத் தெரியாது.

எழுந்து போய் அந்த டப்பாவைப் பிடுங்கி வீசினேன். "யார் ஒனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா? யாரு?" என்று கத்தினேன். ரிஸ்வானா நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கி நின்றன. யாரும் சொல்லாமலே ஒரு வரிசையில்.

பாவாடை மாற்றிவிட்டு, மடியில் உட்கார வைத்துக்கொண்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து முத்தரசியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். போனேன். பிஸ்கட்டும் மாதுளம்பழமும் வாங்கிப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நான் கொக்கு நல்லா நின்னேனா டீச்சர்?" என்றாள்.

சண்முகக்கனிக்கு அது புரியவில்லை. "காய்ச்சல்ல என்னத்தையோ சொல்லுதா" என்றாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க மட்டும் தூக்கிட்டு ஓடியாரலன்னா எம் பிள்ளை கையே போயிருக்கும் டீச்சர். அந்தக் கெழவி நல்லா இருப்பாளா? பிள்ளை கைய விட்டுட்டு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னா? நேத்து அவ வீட்டு வாசல்லயே போயி மண்ணள்ளித் தூத்திட்டு வந்தேன்."

இருக்கச் சொல்லிக் காப்பி போட்டாள். குடித்தேன். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். எதற்காக எனக்குக் காப்பி போடுகிறாள்? எதற்காக என் கையைப் பிடிக்கிறாள்? நான்கு வயதுப் பிள்ளை சரியாகச் சொல்கிறது, அதைக் காய்ச்சல் என்கிறாள். "ஏம்மா, பத்து நாப்பதுக்கு எம் பிள்ளை வாசல்ல எதுக்கு நின்னா?" என்று ஏன் ஒருவருமே கேட்கவில்லை?

கேட்டால் சொல்லியிருப்பேன் என்று எழுத வருகிறது. எழுத மாட்டேன். பொய்.

ஜூலை 19, புதன்

பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பலகை. வெயில். பலகையின் அந்த முனையில் முத்தரசி. அவள் வலது கையைப் பிடித்தபடி உலகம்மாள் அக்கா. என் குரல்: "வா முத்தரசி, மெதுவா." மூன்று அடி வைக்கிறாள். அழகாக வைக்கிறாள். என் குரல்: "அக்கா, தள்ளி நில்லுங்க, படத்துல விழுதீங்க." அக்கா: "கீழ கம்பி கெடக்கு டீச்சர்." என் குரல்: "ஒரு நிமிசந்தான். கையை விடுங்க. நான் பாத்துக்கிடுதேன்." அக்கா கையை விடுகிறார். படத்தைவிட்டு வெளியே போகிறார். அவருடைய விரல்கள் மட்டும் ஓரத்தில் கொஞ்ச நேரம் தெரிகின்றன, நீட்டியபடி. என் குரல்: "கையையும்." விரல்கள் போய்விடுகின்றன. என் குரல்: "கொக்கு மாதிரி நில்லு. ஒண்ணு, ரெண்டு. இங்க பாரு. சிரி, சிரி." அவள் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். மூன்று என்று நான் சொல்லவில்லை.

பிறகு படம் சாய்கிறது. வானம். அக்கா "யம்மா" என்று கத்துவது கேட்கிறது. சாக்கடைத் தண்ணீரில் யாரோ குதிக்கிற சத்தம். குதித்தது நான் இல்லை. நான் மேலே நின்று கையை நீட்டியிருக்கிறேன். கீழேயிருந்து அக்காதான் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். அவர் காலைக் கம்பி கிழித்தது அப்போதுதான். துணி சுற்றியிருந்ததை நான் அறிக்கை எழுதிய அன்றைக்கே பார்த்தேன். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

பிள்ளை நடந்ததில் ஒரு பிழையும் இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும்போது கண்ணை ஓரிடத்தில் வைக்க வேண்டும், வேறு பக்கம் கூப்பிடக் கூடாது. முகாமில் எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஜூலை 20, வியாழன்

திட்ட அலுவலகத்தில் விசாரணை. திட்ட அலுவலர் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் ரெஜினா மேடம். அக்கா ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் கையை விட்டீங்களா?" என்று அலுவலர் கேட்டார்.

"ஆமா மேடம். நாந்தான் விட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்து, சுற்றி அவிழ்த்து.

"நான் விடச் சொன்னேன் மேடம்" என்றேன்.

ரெஜினா மேடம், "தங்கபுஷ்பம், அறிக்கையில நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"அறிக்கை பொய். கையெழுத்துப் போட்டது நான். நடந்தது பத்து நாப்பதுக்கு." போனை எடுத்து மேசையில் வைத்து ஓட்டினேன். சத்தத்தை முழுதாக வைத்தேன்.

முப்பத்தெட்டு நொடி அந்த அறையில் மின்விசிறியும் என் குரலும்தான். "சிரி, சிரி" வந்தபோது திட்ட அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா "யம்மா" என்று கத்துகிற இடத்தில் அக்காவே காதைப் பொத்திக்கொண்டார்.

"இதை ஏன் ஒம்பது நாள் கழிச்சுக் கொண்டு வர்றீங்க?"

"பயம் மேடம்."

"வீடியோ எதுக்கு எடுத்தீங்க?"

"பதினொரு மணிக்குள்ள கேட்டிருந்தாங்க. பலகையில எடுக்கச் சொல்லி யாரும் கேக்கல. அது நானா எடுத்தது."

ரெஜினா மேடத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பார்த்தேன். அவரையும் சேர்த்து இழுத்திருக்கலாம். ஒன்பது இருபது என்று அவர் எழுதியதைச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. மிச்சமெல்லாம் என்னுடையது.

வெளியே வந்ததும் அக்காவைத் தேடினேன். பஸ் ஸ்டாப்பிலும் இல்லை. அந்தக் காலோடு நடந்தே போயிருக்கிறார்.

ஜூலை 21, வெள்ளி

யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று சண்முகக்கனி வீட்டுக்குப் போனேன். தட்டை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாதி சொல்லும்போது அவள் கத்தரிக்கோல் நின்றது. முடிக்கும்போது மறுபடியும் ஓடத் தொடங்கியது. தலை நிமிரவில்லை.

"அப்ப ஒங்க போனுக்குத்தான் எம் பிள்ளை நடந்தாளா?"

"ஆமா."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது டீச்சர். ஒங்க கைல பிள்ளையக் குடுத்தா அது படிச்சிரும்னு நெனச்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இலையை நனைத்து, வெட்டி, அடுக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து முத்தரசி, "டீச்சரா?" என்று கூப்பிட்டாள்.

"இல்லட்டி. ஒண்ணுமில்ல. தூங்கு" என்றாள் சண்முகக்கனி.

அடுத்த இலையை எடுத்துக்கொண்டே, "கெழவி வீட்டுல மண்ணள்ளித் தூத்துனேனே" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தட்டிடம் சொன்னாள்.

ஜூலை 25, செவ்வாய்

செல்லத்துரை நான்கு நாளாகப் பேசவில்லை. மகனுக்கு முடி வெட்டியாயிற்று.

ஆகஸ்ட் 2, புதன்

எனக்குத் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. உலகம்மாள் அக்காவைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மேல் விசாரணை நடக்கும். ரெஜினா மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதமாம். காண்டிராக்டருக்கு ஒன்றுமில்லை. தெருக்கோடியில் மிச்சப் பள்ளம் அப்படியேதான் கிடக்கிறது. இன்று காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நகராட்சிக்குப் போன் போட எண்ணை எடுத்தேன். போட்டேன். "ரெண்டு நாள்ல" என்றான். நான் அதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக் கலெக்டர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். நான் தப்புச் செய்தவள் என்பதால் அவன் நல்லவன் ஆகிவிட மாட்டான்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பதினாறாவது வார்டு டீச்சருக்கு எங்கள் மையத்தின் கூடுதல் பொறுப்பு. அவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாராம். அதுவரை உலகம்மாள் அக்கா திறந்து வைக்க வேண்டும். காலை ஏழரைக்கு அக்கா என் வீட்டுக்கு வந்தார். நொண்டுகிறார். உட்காரச் சொன்னேன். நின்றார்.

"பதிவேடு எல்லாம் பீரோவுல. எடை மெசினுக்குப் புது பேட்டரி போட்டிருக்கேன். ரிஸ்வானா..."

"ரிஸ்வானாவுக்கு முட்டை சேராது. எனக்குத் தெரியும்."

தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க ஏங்க்கா அன்னைக்கே சொல்லல? மேடம் எழுதும்போதே சொல்லியிருக்கலாமே?"

அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்த்தினார். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுவியன்னு நின்னேன். பேனாவ எடுத்திய. சரி, இப்பச் சொல்லுவாவன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டிய. சரி, நாளைக்குச் சொல்லுவாவ. ஒம்பது நாள்! தெருவுல தல காட்ட முடியல. வாசல்ல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போறா. எம் மருமவ, ஆறு மாசப் பிள்ளை வச்சிருக்கா, எம் பேரன், ஒம்பது நாளா எங்கையில குடுக்கல. கேட்டா, 'இருக்கட்டும் அத்தே, நானே வச்சுக்கிடுதேன்'ங்கா. முப்பது வருசம் ஊர்ப் பிள்ளைய தூக்குன கை. படுத்துக்கிட்டு இந்தக் கையையே பாப்பேன். அவிய விடச் சொன்னா நீ எதுக்குட்டி விட்டேன்னு இதுகிட்டயே கேப்பேன். நீங்க மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா திட்டு வாங்கியிருப்போம். ரெண்டு பேருமா போயி அந்தப் பிள்ளை கட்டில்ல உக்காந்திருப்போம். என்னைய மட்டும் தனியா விட்டுட்டியளே."

பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா அவர்களையும் பார்த்தார். குரலைத் தணிக்கவில்லை.

டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"என்னைய மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிக்கதுக்கு நான் வரல டீச்சர். சாவிய வாங்க வந்தேன். பிள்ளைக வந்துரும்."

சாவியைக் கொடுத்தேன்.